வீடு ஒரு பெயரில், கார் ஒரு பெயரில்

என் கணவர் இறந்த பதினெட்டாம் நாள் இன்சூரன்ஸ்காரர் வந்தார். காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாசலில் போட்ட பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கண்டியிலிருந்து காலை ரயிலில் வந்து, குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட முன்கூடத்துப் பெஞ்சியின் நுனியில் உட்கார்ந்தாராம். இதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் அவரைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி, புருஷனை இழந்தவள் முப்பது நாள் முடியும்வரை வெளியாள் முன்னால் வரக் கூடாது. கதவில்லாத உள்ளறை வாசலில் ஒரு நீலப் போர்வையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால் என்னை உட்கார வைத்திருந்தார்கள். அந்த முப்பது நாளும் உலகம் எனக்கு வெறும் குரல்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஹட்டன் கடைவீதியில் எங்களுக்கு ஒரு துணிக்கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கமும் மாடியும் வீடு. பலகைச் சுவர், தகரக் கூரை. நடுவில் ஒரு பலகை மட்டும் தடுப்பாக நிற்க, கடைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் பிள்ளை தும்மினால் பக்கத்துக் கடையிலிருந்து "நூறாயுசு" என்பார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் சாம்பல் நிறக் கார் ஒன்று நின்றது. கல்யாணம், ஆஸ்பத்திரி, ரயிலடி என்று அதை வாடகைக்கு, எங்கள் பேச்சில் ஹயருக்கு, விட்டார் என் கணவர். சம்பள நாட்களில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர் ஒருவர் டிரைவராக இருந்தார்.

என் கணவர் இறந்ததும் அந்தக் காரில் போன இடத்தில்தான். கொழும்பிலிருந்து வந்த துணி மூட்டையை எடுக்க ரயிலடிக்குப் போனவர், பார்சல் அறை வாசலில் இருந்த பெஞ்சியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள். நாற்பது நிரம்பவில்லை. டிரைவர் அவர் தூங்குகிறார் என்று நினைத்து, எழுப்ப மனமில்லாமல் அரைமணி நேரம் வெளியே காரில் காத்திருந்தாராம்.

நான் அழவில்லை. இதைச் சொல்வதில் எனக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டதும் தாடை மரத்துப்போகும் அல்லவா, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. மாரில் அடித்துக்கொள் என்றார்கள், அடித்துக்கொண்டேன். கை வலித்தது, அவ்வளவுதான். நெஞ்சழுத்தக்காரி என்று இரண்டு பேர் என் காது கேட்கவே பேசிக்கொண்டார்கள். வேறு நாளாக இருந்தால் அவர்களை ஒரு வாங்கு வாங்கியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஹட்டனுக்கே தெரியும். அன்று அந்தக் கோபத்தைத் தேடினேன், அதுவும் இல்லை.

இன்சூரன்ஸ்காரரின் குரல் கனமான குரல். திரைக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம்தான் பேசினார்.

"அம்மா கோவிச்சுக்கக் கூடாது. இந்த நேரத்துல வந்து நிக்கிறது எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேப்பரும் மாசக் கடைசியில முடியுதுங்க. முடிஞ்சு மறுநாள் ஒண்ணு ஆச்சுன்னா என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது."

"தூண்டில்காரனுக்கு மிதப்புல கண்ணு" என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி முணுமுணுத்தாள். கொழுந்தனாரின் மனைவி அவள். அந்த நாட்களில் எனக்குச் சோறு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டவள்.

விஷயம் இவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு ஒரு கம்பெனியில் தீ இன்சூரன்ஸ். காருக்கு வேறொரு கம்பெனியில் இன்சூரன்ஸ். இரண்டு கம்பெனிக்கும் இவரே ஆள் பிடித்துக் கொடுப்பவர். இப்போது அந்த இரண்டில் ஒரு கம்பெனி, வீட்டையும் காரையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்குச் சலுகை தருகிறதாம். ஒரே தாள், ஒரே தேதி. மிச்சமாகிற தொகையில் ஒரு மூட்டை அரிசி வாங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: வீடும் காரும் ஒரே ஆள் பெயரில் இருக்க வேண்டும்.

"அதுக்கென்ன, ரெண்டையும் என் பேர்ல போட்டுடலாம்" என்றது கொழுந்தனாரின் குரல். "வீடு ஏற்கெனவே என் பேர்லதான் இருக்கு. காரு அண்ணன் பேர்ல. வாரிசுக் கையெழுத்து அண்ணி போட்டாப் போதுமில்ல?"

"போதும்ங்க."

திரைக்குக் கீழே ஒரு தாள் நுழைந்தது. கூடவே ஒரு பேனா. அந்த நாட்களில் திரைக்குக் கீழே எத்தனையோ தாள்கள் வந்தன. ஆஸ்பத்திரித் தாள், மரணப் பதிவுத் தாள், தந்தி வந்த ரசீது. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். இதிலும் போட்டேன். என்ன ஏது என்று படிக்கவில்லை. இரண்டையும் சேர்க்கச் சம்மதம் என்ற தாள் அது. காரைப் பெயர் மாற்றும் தாளைப் பத்து நாள் கழித்துக் கொண்டுவருவதாகச் சொல்லி அவர் எழுந்து போனார். குடையை விரிக்கும் சத்தம் கேட்டது.

கொழுந்தனார் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிட வேண்டும். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைக்கிற ஆளும் இல்லை. அண்ணன் என்றால் உயிர். மூன்று பிள்ளைகள், ஒரு கடை, தலைமேல் விழுந்த அண்ணன் குடும்பம். எதையாவது ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டி, கவலையின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று துடித்தார். பயந்த மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

சேர்த்துக் கட்டிய கவலைகளில் நானும் ஒன்று. அது எனக்கு இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. ஓரகத்தி என் தலையை வாரிக்கொண்டே சொன்னாள்.

"முப்பது முடிஞ்சதும் உங்களையும் பாப்பாவையும் ஊருக்கு அனுப்பலாம்னு இருக்காங்க அக்கா. அத்தை கடுதாசி போட்டிருக்காங்க. அங்கேயே வந்து இருக்கட்டும்னு."

ஊர் என்றால் இந்தியாவில், திருச்சிப் பக்கம் இருந்த என் மாமியார் ஊர். நான் அதைப் பார்த்ததே இல்லை. நான் பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கத் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. அவர் போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் என் பெயரும் இருந்ததால் எனக்கு இந்த நாட்டுத் தாள் கிடைத்தது. கப்பலுக்குப் போகும் தலைமன்னார் வண்டியில் ஏறி, இந்தியாவிலேயே வருஷக்கணக்கில் தங்கிவிட்டால் அந்தத் தாள் செல்லாது, பிறகு திரும்பி வருவது என் கையில் இல்லை. விசாவுக்கு நிற்க வேண்டும், யாராவது இங்கிருந்து கூப்பிட வேண்டும். யார் கூப்பிடுவார்கள்? மகளுக்கு ஏழு வயது. கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அவளுக்குச் சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் ஒரே வாயில் வரும். அந்த ஊரில் அவளை என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அவள் தலைமுடியில் எண்ணெய் வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"என்னத்தச் சொல்றது. பார்ப்போம்" என்றேன். எனக்கே என் குரல் பக்கத்துக் கடையிலிருந்து வருவதுபோல் கேட்டது.

அடுத்த நாள் டிரைவர் பின்வாசலுக்கு வந்தார். பின்வாசல் திரைக்கு இந்தப் பக்கம் இருந்ததால் அவரைப் பார்க்க முடிந்தது. அவர் உள்ளே வரவில்லை. விறகு அடுக்கியிருந்த இடத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அனே அக்கா, காரு கொட்டகையில சும்மா நிக்குது. பேட்டரி செத்துப் போகும். ஓட்டவா, வேணாமா?"

"சின்ன முதலாளியக் கேளுங்க."

"கேட்டேன். பேர் மாத்தின பொறகு பாப்போம்னு சொல்றார்." அவர் கையில் ஒரு ரப்பர் துணிப் பை இருந்தது. "இது காருக்குள்ள இருந்துச்சு. முதலாளி சாமான். பேப்பர் எல்லாம் இருக்கு. எலி கடிச்சா வம்பு. உங்ககிட்டதான் குடுக்கணும்."

"ஏன் எங்கிட்ட?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "காரு அக்கா பேர்லதானே" என்றார்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. கேட்டால் நம்பமாட்டார்கள், ஆனால் உண்மை. கடைவீதியில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. கடைப் பெயர்தான். கடைக் கார், கடை வீடு, கடையம்மா. கார் யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் கேட்டதில்லை, அவர் ஓட்டியதால் அவருடையது. கொழுந்தனாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். நானும்தான்.

பையில் கார்ப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் இங்கிலீஷில் என் பெயர். நான் எட்டாவதுவரை படித்தவள். இங்கிலீஷ் வாசகம் புரியாவிட்டாலும் என் பெயரை எந்த எழுத்தில் எழுதினாலும் தெரியும். பார்த்ததும், எல்லாம் ஞாபகம் வந்தது.

ஜோசியர் செய்த வேலை அது. எதிர்வரிசையில் ஒரு பேக்கரியில் தீப்பிடித்து நான்கு கடைகள் சாம்பலான சமயம், என் கணவர் பயந்துபோய் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜோசியர் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நாலாம் இடம் சரியில்ல. வீடும் வாகனமும் உங்க பேர்ல இருக்கக் கூடாது" என்றாராம். வீடு, வாகனம் இரண்டையும் பார்ப்பது ஜாதகத்தில் அந்த ஒரே கட்டம்தான். அதுமட்டுமில்லை, இரண்டும் ஒரே ஆள் பெயரிலும் இருக்கக் கூடாது, பிரித்து வையுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். உடனே வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதிக்கொடுத்தார். கொஞ்ச நாளில் கார் வாங்கியபோது என் பெயரில் வாங்கினார். ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் தாளை வைத்து நான் கையெழுத்துப் போட்டது, அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது, அதற்காக அவரைத் திட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

ஜோசியரிடம் போன அதே வாரத்தில் கண்டிக்குப் போய்த் தீ இன்சூரன்ஸும் போட்டுவிட்டு வந்தார். கிரகத்தையும் நம்புவார், கம்பெனியையும் நம்புவார். "வீட்டுக்கு இன்சூரன்ஸ் போடுறது தீயை வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி" என்று கடைவீதியில் கேலி செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலை போட்டார். கடைசியில் வீட்டிலும் சாகவில்லை, வாகனத்திலும் சாகவில்லை. ரயில்வேக்குச் சொந்தமான பெஞ்சியில் போய்ச் செத்தார். ஜோசியர் சொன்னது பலித்தது என்பதா பலிக்கவில்லை என்பதா? காரியத்துக்கு வந்து சாப்பிட்டுப் போன அந்த ஜோசியரைக் கேட்டிருக்கலாம்.

கார்ப் புத்தகத்துக்கு அடியில் அந்த வருஷத்து இன்சூரன்ஸ் தாள் இருந்தது. அதில் தட்டச்சில் மூன்று பெயர்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. முதலில் அவர் பெயர். இரண்டாவது டிரைவர் பெயர். மூன்றாவது என் பெயர். அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஏதோ ஒரு வரி.

டிரைவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "இது என்ன, மூணு பேரு?" என்று கேட்டேன்.

"ஓட்டுற ஆளுங்க பேரு. இந்த மூணு பேரு ஓட்டினா மட்டும்தான் கம்பெனி பொறுப்பு. போலீஸ் மறிச்சா இதைத்தான் காட்டுவேன்."

"நான் எங்க ஓட்டினேன்?"

அவர் தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "ஒரு நாள் ஓட்டினீங்க" என்றார்.

ஒரு நாள் ஓட்டினேன். கார் வாங்கிய வருஷம், அம்மா வீட்டிலிருந்து திரும்பும் வழி. டிரைவர் பின்சீட்டில் மகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நுவரெலியாவுக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் சமமாகப் போகிற பாதையில் என் கணவர் காரை நிறுத்தி, "இறங்கி இந்தப் பக்கம் வா" என்றார். ஏதோ பூப் பறிக்கத்தான் சொல்கிறார் என்று இறங்கினேன். பிடித்து ஓட்டும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். கார் அவர் சொன்ன பக்கம் போகாமல் அதற்குத் தோன்றிய பக்கம் போயிற்று. பாதையோரத்து வடிகால் கானுக்குள் ஒரு சக்கரம் இறங்கி, ஒரு தேயிலைச் செடியை மடியில் வாங்கிக்கொண்டு நின்றது. மகள் கைதட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் கதவை அறைந்து சாத்திவிட்டு அரை மைல் நடந்தே போனேன். அவர் காரைத் தூக்கி நிறுத்திக்கொண்டு பின்னாலேயே மெதுவாக ஓட்டிவந்தார். ஹாரன் அடித்து அடித்துச் சிரித்தார்.

"இனிமே இந்தச் சனியனைத் தொட்டா ஏன்னு கேளுங்க" என்றேன்.

"உன் பேர எழுதிக் காசு கட்டியாச்சே!"

"எதுக்கு வீண் செலவு? வருசா வருசம் கட்டுவீங்களா? எடுத்துருங்க என் பேர."

"சரி தாயே, எடுத்துர்றேன்" என்றார். எடுத்துவிட்டார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

தாளை மடித்துப் பையில் வைத்தேன். நெஞ்சில் எங்கோ ஓரிடத்தில் ஊசி குத்தியதுபோல் இருந்தது. மரத்துப்போன இடத்தில் உணர்ச்சி திரும்பும்போது முதலில் அப்படித்தான் இருக்கும். உடனே அதுவும் போய்விட்டது. டிரைவரிடம், "பேட்டரி சாகாம தினமும் ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க" என்றேன். அவர் அப்படியே செய்தார். தினமும் காலையில் கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம் கேட்கும். இரும ஆரம்பித்து, பிறகு சீராகி, கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்.

அந்தப் பத்து நாளில் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்க வேண்டும் என்று உட்காருவேன், சுவர்ப் பலகையின் கணுவைப் பார்த்துக்கொண்டிருப்பேன், பொழுது போய்விடும். ஆனால் விஷயம் எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டால் வீடும் காரும் ஒரே பெயரில், ஒரே தாளில் சேர்ந்துவிடும். வீட்டுக்குச் செலவு குறையும். கொழுந்தனார் நிம்மதியாகத் தூங்குவார். நானும் மகளும் தலைமன்னார் வண்டியில் ஏறுவோம். போடாவிட்டால் கார் என்னுடையது. டிரைவரை வைத்து ஹயருக்கு விட்டு, ஒரு அறை எடுத்து, மகளை அதே பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கலாம். தாலி அறுத்த பெண் கார் ஹயருக்கு விட்டுப் பிழைக்கிறாள் என்று ஊர் பேசும். பேசட்டும், அதற்கும் வேறு என்ன வேலை. ஆனால் சண்டை போட வேண்டும். சண்டை போடுவதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை. பசிகூட இல்லாத ஒருத்தி எதற்காகச் சண்டை போடுவாள்? போட்டுத் தொலைக்கலாம், ஒரு கையெழுத்துதானே என்றுதான் பெரும்பாலான நேரம் இருந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் இன்சூரன்ஸ்காரர் மறுபடி வந்தார். அன்றும் மழை. திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சி கிறீச்சிட்டது. கொழுந்தனார் கடையிலிருந்து வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, கார்ப் புத்தகம் இருந்தா குடுங்க" என்றது கனமான குரல்.

திரைக்குக் கீழே தள்ளினேன். பக்கம் புரட்டும் சத்தம்.

"இது அம்மா பேர்லதானே இருக்கு."

"என்னது?" என்றார் கொழுந்தனார்.

"ஆமாங்க. மறந்தே போச்சு எனக்கு. கார் பேப்பரு எப்பவுமே அம்மா பேர்லதான் வரும். அப்ப இது வாரிசுக் கையெழுத்து இல்லைங்க. அம்மா தன் காரை உங்களுக்குக் குடுக்கிறாங்கன்னு எழுதணும். வேற தாள்."

"எதுவா இருந்தா என்ன, ஒரு கையெழுத்துதானே. எழுதுங்க" என்றார் கொழுந்தனார். அவர் குரலில் பேராசை இல்லை. அலுப்புதான் இருந்தது.

பேனா கீறும் சத்தம் கேட்டது. தாள் திரைக்குக் கீழே வந்தது. பேனாவும் வந்தது. நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். தாளைப் பார்த்தேன். வழக்கம்போல, போட வேண்டிய இடத்தில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. பேனாவை அந்த இடத்தில் வைத்தேன், ஒரு புள்ளி மை ஊறியது.

"தம்பி, நான் போடல" என்றேன்.

"என்ன அண்ணி?"

"கையெழுத்துப் போடல. வீடு உங்க பேப்பர்ல இருக்கட்டும். காரு என் பேப்பர்ல இருக்கட்டும்."

"அண்ணி, ரெண்டும் ஒண்ணாப் போட்டாத்தான் சலுகை. உங்களுக்குப் புரியலையா? ஊருக்குப் போறவங்களுக்குக் காரு எதுக்கு?"

"நான் ஊருக்குப் போகல."

"அண்ணன் இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

இதற்குத் திரைக்குப் பின்னாலிருந்து பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. எழுந்து போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஓரகத்தி வாயில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, இன்னும் ரெண்டு நாள் இருக்கு!" என்று அலறினாள். இன்சூரன்ஸ்காரர் சட்டென்று தலையைக் குனிந்து தரையைப் பார்த்தார். குரலை வைத்துத் தாட்டியான ஆள் என்று நினைத்திருந்தேன். எதிரில் இருந்தவரோ கோட்டுக்குள் பாதி தொலைந்துபோன ஒல்லி மனிதர்.

"அண்ணன்தான் தம்பி எழுதி வச்சிருக்காரு" என்றேன். "ரெண்டும் ஒரே பேர்ல இருக்கக் கூடாதுன்னு ஜோசியர் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். வீட்டை உங்களுக்கு எழுதினப்ப நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். பிறகு முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு, "பாப்பாவ வச்சுக்கிட்டு ஒத்தையில எப்படி அண்ணி?" என்றார். அண்ணனை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கண் கலங்கிவிட்டது. என் கண் காய்ந்தே இருந்தது. கடையில் யாரோ துணி கேட்டுக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

இன்சூரன்ஸ்காரர் நான் முன்பு போட்ட சம்மதத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. எப்படியும் இரண்டு தாள், இரண்டு கமிஷன். "அப்ப காரைத் தனியாவே புதுப்பிச்சிடலாம். பழைய தாளைக் குடுங்கம்மா, அதுலயே திருத்தி அனுப்புறேன். அங்க புதுசா அடிச்சுக் குடுப்பாங்க" என்றார்.

மூன்று பெயர் இருந்த தாளைக் கொடுத்தேன். மடியில் தோல்பையை வைத்து, அதன்மேல் தாளை விரித்தார். பையிலிருந்து ஒரு மர அடிமட்டத்தையும் சிவப்பு மைப் பேனாவையும் எடுத்தார். ஏன் அடிமட்டம் என்று புரியாமல் நின்றேன். அடிமட்டத்தை என் கணவரின் பெயர்மேல் வைத்தார். நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார்.

"பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்துப் போடுங்கம்மா. நீக்கினதுக்கு."

போட்டேன். ரயிலடியிலிருந்து தூக்கி வந்து கூடத்தில் கிடத்தியபோது தெரியவில்லை. மாரில் அடித்துக்கொண்டபோது தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் தாலியை வாங்கியபோதும் தெரியவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் பார்த்தபோதுதான் அவர் செத்துப்போனது எனக்குத் தெரிந்தது. இனி அவர் இந்தக் காரை ஓட்டமாட்டார். ஹாரன் அடித்துச் சிரித்துக்கொண்டு என் பின்னால் வரமாட்டார்.

இன்சூரன்ஸ்காரர் அடிமட்டத்தைக் கீழே இறக்கினார். டிரைவர் பெயரைத் தாண்டினார். என் பெயர்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"இதையும் அடிச்சிரலாமா அம்மா? நீங்க ஓட்டுறதில்லையே. 'லைசென்ஸ் எடுத்த பொறகு செல்லும்'னு பக்கத்துல போட்டு வச்சிருக்கு. சும்மா ஒரு பேருக்குத் தனியாக் காசு. ஒவ்வொரு வருசமும் ஐயாகிட்ட நான் கேப்பேன், எடுத்துடலாமான்னு. 'அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப ஓட்டட்டும், கட்டிக்கிறேன்'னு சொல்லுவாரு. இப்ப எடுத்துட்டா உங்களுக்குக் கொஞ்சம் குறையும்."

அழுகை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முன்கூடத்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதர் எதிரில், முப்பது முடியாமல் திரையை விட்டு வெளியே வந்து நின்று, வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கடையில் பேச்சு நின்றது. ஓரகத்தி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். அந்த மனிதர் அடிமட்டத்தை என் பெயர்மேல் வைத்தபடியே, எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

நான் அவர் கையிலிருந்து அடிமட்டத்தை வாங்கித் தோல்பைமேல் வைத்தேன்.

"இருக்கட்டும்," என்றேன். "கட்டிக்கிறேன்."